மூன்று வாரப் பொலிஸ் அதிகாரி

தொலைக்காட்சியில் நான் மூன்று வாரம் பொலிஸ் அதிகாரியாக இருந்தேன். துப்பாக்கி கிடையாது. தொப்பி உண்டு, ஆனால் அது மேசை மேலேயே இருக்கும். தலையில் வைத்துப் பார்த்தபோது அது காதுவரை இறங்கியதால், "மாத்தயா, மேசையிலேயே இருக்கட்டும், அதுதான் கம்பீரம்" என்று உடைகளுக்குப் பொறுப்பாக இருந்த சிங்களப் பெண் சொல்லிவிட்டாள். எதிரே வந்து நிற்கிறவனை நிமிர்ந்து பாராமல், கையிலுள்ள காகிதத்தைப் பார்த்தபடி, "மேக அபே அங்சயட்ட அயிதி நே" என்று நான் சொல்ல வேண்டும். இது எங்கள் பிரிவுக்குச் சேர்ந்ததில்லை என்று அர்த்தம். என் வசனம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்த சிங்களத் துப்பறியும் தொடர் அது. களனி கங்கையில் ஒரு பிணம் மிதக்கிறது. ஓர் இளம் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைத் தேடுகிறான். அவன் நெருங்கும் போதெல்லாம் கொழும்புத் தலைமையகத்தில் ஏதோ ஒரு பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி குறுக்கே நிற்கிறார். அவர் இலஞ்சம் வாங்குகிறவர் இல்லை. கொலைகாரனோடு அவருக்குச் சம்பந்தமும் இல்லை. தன் வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான். பார்த்தவர்கள் கொலைகாரனை விட்டுவிட்டு அவரைத்தான் வெறுத்தார்கள்.

அதே களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவுக்கு மேலே, பாதி இறப்பரும் பாதித் தேயிலையுமாக இருந்த ஒரு தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். ஆற்றங்கரைக்குப் படம் பிடிக்க ஆட்கள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. இவர்களும் வந்து, பிணமாக நடித்தவருக்குச் சளி பிடிக்கும்வரை அவரைத் தண்ணீரில் போட்டு எடுத்தார்கள். தலைமையகக் காட்சிகளுக்குக் கொழும்புக்குத் திரும்ப வேண்டும், கையில் காசு இல்லை. அப்போதுதான் இயக்குநர் எங்கள் தோட்டத்து ஆபீஸைப் பார்த்தார். உயர்ந்த கூரை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், வெள்ளைக்காரன் காலத்து மேசை. பொலிஸ் தலைமையகம்கூட இவ்வளவு பொருத்தமாக இருக்காது என்று அவர் முடிவு செய்தார். தோட்டத்து நிர்வாகியான துரையும் ஒரே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். அவருடைய ஜீப் ஏதாவது ஒரு காட்சியில் ஓட வேண்டும்.

அதிகாரி வேடத்துக்குப் பேசியிருந்த நடிகர் வரவில்லை. இயக்குநர் வாசலில் உட்கார்ந்து சிகரெட்டாகப் புகைத்துக்கொண்டிருந்தார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு ஒரு இறப்பர் பால்வெட்டுக்காரர் வந்தார். "நாளைக்கு வா" என்றேன். ஒரு கொழுந்துக்காரம்மா வந்தார். "அத ஸ்டோர்ல போய்க் கேளு" என்றேன். கிராமத்துச் சிங்களவர் ஒருவர் விறகு மரம் பற்றிக் கேட்க வந்தார். அவரிடம் அதையே சிங்களத்தில் சொல்லி, கடைசியில் "யன்ன, யன்ன" என்று சேர்த்தேன். போங்க, போங்க. இதில் ஒரு தடவையாவது நான் தலையை நிமிர்த்தியதாக நினைவில்லை. இயக்குநர் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"மாத்தயா நாடகத்தில் நடித்திருக்கிறீர்களா?"

"பள்ளிக்கூடத்தில் ராஜா வேஷம்" என்றேன். உண்மையில் ராஜாவுக்குப் பக்கத்தில் ஈட்டியோடு நின்றவன்.

"அதெல்லாம் மறந்துவிடுங்கள். இப்போது அந்த மூன்று பேரிடம் பேசினீர்களே, அதேமாதிரி பேசினால் போதும்."

என் நடிப்புலக வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. அன்றைய சிங்களத் தொடர்களில் தமிழனுக்கு இரண்டு வேலைகள்தான் இருந்தன. ஒன்று, கூடையோடு தூரத்தில் நிற்பது. இன்னொன்று, சிங்களத்தைத் தப்பாகப் பேசிச் சிரிப்பு மூட்டுவது. எனக்குச் சிங்களப் பெயர் கொண்ட ஒரு பொலிஸ் அதிகாரியே கிடைத்ததில் உள்ளூர ஒரு மிதப்பு இருந்ததை மறைக்கமாட்டேன்.

முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் பேசியதைக் கேட்டதும் அந்த மிதப்பு இறங்கியது.

"ஐயா எங்கடி நடிச்சாரு? நம்மகிட்ட பேசுற மாதிரியேதானே பேசுனாரு."

"இல்லடி, டீவில கொஞ்சம் மரியாதையாப் பேசுனாரு."

அதற்குப் பிறகு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிள்ளைகள் எனக்கு 'அங்சய ஐயா', அதாவது பிரிவு ஐயா, என்று பேர் வைத்தார்கள். கித்துல்கல சந்தியில் பேக்கரிக்காரர் பாணைக் கையில் கொடுத்துவிட்டு, "மாத்தயா, அந்த இன்ஸ்பெக்டர் பையன் பாவம், கொஞ்சம் வேலை செய்ய விடுங்களேன்" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனது அந்த வாரங்களில்தான். ஜன்னலில் ஆள் வந்து நின்றால், நிமிர்ந்து பார்த்தாலும் சிரித்தார்கள், பாராவிட்டாலும் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கோ கேமரா இருப்பது போல முதுகு கூசியது. எழுந்து ஆபீஸுக்குள்ளேயே நடப்பேன். ஸ்டோருக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துப் போவேன், போய்ச் சேர்ந்ததும் காரணம் மறந்துவிடும். மாலையில் குவாட்டர்ஸில் ஒரு புத்தகத்தை எடுத்தால், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். இத்தனைக்கும் நான் தலையணை அளவு ருஷ்ய நாவல்களைப் பெயர்க் குழப்பத்தோடேயே முடித்தவன்.

மூன்றாவது பகுதி வரவிருந்த சனிக்கிழமை என் மச்சான் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பிறந்து வளர்ந்தது எங்கள் தோட்டத்து லயத்தில், வேலை கொழும்பில் ஒரு இரும்புக் கடையில். லயத்திலிருந்து படித்து குவாட்டர்ஸுக்கு ஏறியவன் நான். அதே லயத்தில் பெண் எடுத்தவன். மச்சான் அதை ஒருபோதும் மன்னித்ததில்லை. "கிளாக்கர் மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். 'கிளாக்கர்' என்பதைச் சற்று நீட்டிச் சொல்வார். போன வாரம்தான் கடைச் சிப்பந்திகளிடம் டீவியைக் காட்டி, "அது எங்க மாப்ளடா" என்று சொல்லியிருக்கிறார். திரையில் அந்த அதிகாரியின் சிங்களப் பெயர் மட்டுமே ஓடியதால் ஒருவரும் நம்பவில்லை. அந்த அவமானத்துக்கும் என்னையே பொறுப்பாக்கியிருந்தார்.

லயத்தில் அப்போது கரண்ட் இல்லை. கார் பேட்டரியை டவுனில் சார்ஜ் பண்ணி வந்து அதில்தான் டீவி பார்ப்பார்கள். என் குவாட்டர்ஸில் தரையில் உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காமல், தன் அப்பாவின் லயத்து அறைக்கே, அந்தக் காம்பராவுக்கே, ஒரு பழைய டீவியை ஏற்பாடு செய்திருந்தார் மச்சான். டீவி முன்னதாகவே வந்துவிட்டது. பேட்டரிக்கு மாட்ட வயரும் கிளிப்பும்தான் பாக்கி. அவற்றைக் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலை ஹட்டன் பஸ் ஏறினார். கூடவே, பெரட்டுக்கு எழும்ப அப்பாவுக்கு ஒரு அலாரம் மணிக்கூடு.

ஒரு சுருள் வயர், இரண்டு கிளிப், ஒரு அலாரம் மணிக்கூடு. இவற்றை ஒரே பையில் போட்டுக்கொண்டு ஒரு தமிழன் பஸ்ஸில் போகலாம் என்று யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் நினைத்தவர் இலங்கையிலேயே என் மச்சான் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

செக்பொயிண்டில் இறக்கிவிட்டார்கள். அதே பஸ்ஸில் வந்த லயத்து ஆள் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். "ஐயா, ஒங்க மச்சானப் புடிச்சிட்டாங்க. பையத் தொறந்து பாத்தானுங்க, ஒருத்தன் பின்னாலயே தாவுனான். டவுன் பொலிசுக்குக் கொண்டு போய்ட்டாங்க. சாப்பாட்டுக்குப் பொறகு கொழும்பு வண்டி வருமாம், அதுல ஏத்திருவாங்களாம்."

கொழும்பு வண்டி என்றால் என்ன என்று எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து டிவிசனில் ஒருவர் அப்படி ஏறிப் போனார். கையில் ஒரு டோர்ச் வைத்திருந்தார், அவ்வளவுதான். போகும்போது கைக்குழந்தையாக இருந்த அவர் பிள்ளை, திரும்பி வந்தவரைக் கண்டு பயந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஓடியது. வண்டி வருவதற்குள் மச்சானை வெளியே எடுக்க வேண்டும். ஏறிவிட்டால் அதற்கு மேல் எங்களுக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை.

துரை வார இறுதிக்குக் கொழும்பு போயிருந்தார். யூனியன் தலைவர் ஹட்டனில் கூட்டத்தில் இருந்தார். என் மனைவி சட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீங்க போங்க."

"நான் போய் என்னத்தச் சொல்ல? நான் என்ன நெசப் பொலிஸா?"

"நீங்க பொலிஸ் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவங்களுக்கும் தெரியும். ஆனா அவங்களும் டீவி பாக்குறாங்கல்ல. தெரிஞ்ச மூஞ்சின்னா ரெண்டு வார்த்த கேப்பாங்க."

"திட்டத்தான் போறாங்க. எல்லாருக்கும் அந்த ஆளக் கண்டாலே ஆகல."

"திட்டுனா வாங்கிக்குங்க. எங்க அண்ணன் தெனம் ஒங்களத் திட்டுதே, செத்தா போயிட்டீங்க?"

சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். நின்றால் கண்டக்டர் உட்காரச் சொன்னார். மனதுக்குள் சிங்களத்தில் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் நாள்தோறும் பேசிவந்தது ஜன்னலுக்கு உள்ளே இருப்பவனின் சிங்களம். மறுப்பதற்கு என்னிடம் எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன, நயமானவை, இலக்கணச் சுத்தமானவை. கெஞ்சிக் கேட்க ஒன்றுகூட இல்லை. 'தயவு செய்து' என்று தொடங்கினால், அடுத்து 'நாளைக்கு வரவும்' என்றுதான் நாக்கு போனது.

பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் பக்கச் சுவரோடு போட்டிருந்த வாங்குப் பலகையில் மச்சானைக் கண்டேன். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. காலில் செருப்பு இல்லை. பை சார்ஜன்டின் மேசைக்குக் கீழே கிடந்தது. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு ஏதோ.

"நீங்கதானா வந்தீங்க?" என்றார் மெதுவாக. "தலைவர் இல்லயா?"

"ஹட்டன்ல."

"தொர?"

"கொழும்புல."

"ம்..." என்று சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.  முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் சார்ஜன்ட் எழுதிக்கொண்டிருந்தார். இனி நடந்த பேச்செல்லாம் சிங்களத்தில், எனக்கு வந்த தமிழில் தருகிறேன். நான் வணக்கம் சொன்னேன். அவர் நிமிரவில்லை. தோட்டத்து ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன். அதற்கும் நிமிரவில்லை. அந்தப் பேனா நிற்காமல் ஓடிய விதத்தைப் பார்த்து, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. அவர் உண்மையில் ஒன்றும் எழுதவில்லை, எழுதியதன் மேலேயே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குத் தெரிந்த வித்தைதான். வயர் டீவிக்கு, கிளிப் பேட்டரிக்கு, மணிக்கூடு வயசான அப்பாவுக்கு என்று ஒப்பித்தேன்.

"செக்பொயிண்டில் பிடித்தவர்கள் வேறு பிரிவு" என்றார் அவர், காகிதத்தைப் பார்த்தபடி. "இது எங்கள் பிரிவுக்குச் சேர்ந்ததில்லை."

கதவருகே நின்ற இளம் கான்ஸ்டபிள் ஒருவன் குபீரென்று சிரித்தான்.

"சார்ஜன்ட் மாத்தயா, அதை யாரிடம் சொல்கிறீர்கள் என்று பாருங்களேன்!"

சார்ஜன்ட் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"அம்மோ! நம்ம அங்சய மாத்தயா!"

அதற்குப் பிறகு நடந்தது ஒரு வரவேற்பு விழா. உள்ளறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ வந்தது. ஒருவர் என்னோடு கைகுலுக்கிவிட்டு, தன் வீட்டில் என்னைத் திட்டாத நாளில்லை என்று பெருமையாகச் சொன்னார். தலைமையகத்தில் நெசமாகவே இப்படி ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்த்துத்தானே நடித்தீர்கள் என்று இன்னொருவர் கண்ணடித்தார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒன்றைக் கேட்டார்கள்.

"கொலைகாரன் யார்?"

எனக்குத் தெரியாது. என் பக்கங்களை மட்டும்தான் என்னிடம் கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. தலைமையகத்துக்கே தெரியாதா என்றார்கள். ஒரு பெயரைச் சொல்லி மச்சானைக் கேட்டு வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இன்ஸ்பெக்டரின் மாமனார் என்று சொல்லலாம், அவர் முழியும் சரியில்லை. ஆனால் மறுவாரமே அது பொய்யாகிப்போனால் அடுத்த வண்டியில் நான்.

"கொலைகாரனை விடுங்கள் மாத்தயா, இந்த மனுசனைப் பாருங்கள்" என்று வாங்கைக் காட்டினேன். "இவர் என் மனைவியின் அண்ணன்."

சார்ஜன்டின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"அப்படியென்றால் நீங்கள் தமிழா?"

"ஆமாம்."

"பேச்சில் தெரியவே இல்லையே" என்றார். பாராட்டைப் போலவும் இருந்தது, புகாரைப் போலவும் இருந்தது. கருப்பட்டி நாக்கில் இனிக்காமல் போயிற்று. வெளியே ஏதோ வாகனச் சத்தம் கேட்டது. மச்சான் வாங்கிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அது மரக்கறி லொறி. மறுபடி உட்கார்ந்தார்.

"சரி, வண்டி வரும் வரைக்கும் நேரம் இருக்கிறது" என்று சார்ஜன்ட் எழுந்தார். "அந்தக் காட்சியை ஒருமுறை செய்துகாட்டுங்கள். செத்தவனுடைய அண்ணன் வந்து கேட்பானே, அது. இதோ, என் நாற்காலியில் உட்காருங்கள்."

மறுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்கார்த்தினார்கள். தொப்பி ஒன்று மேசை மேல் வந்தது. பேனா கையில் வந்தது. அண்ணன் வேடத்துக்கு ஆள் வேண்டுமே என்று சார்ஜன்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாங்கைப் பார்த்தார்.

"நீ வா. இங்கே நில். 'சேர், மகே மல்லி கோ' என்று கேட்க வேண்டும். என் தம்பி எங்கே என்று. தெரியுமா?"

மச்சான் எழுந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார். நான் காகிதத்தைப் பார்த்தேன். வேடம் அதுதான் என்பதால் மட்டும் இல்லை, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெறுங்கால் இரண்டும் சிமெந்துத் தரையில் இடம் மாற்றி மாற்றி வைப்பது மட்டும் மேசை விளிம்புக்குக் கீழே தெரிந்தது. பத்து வருசமாக என் கையெழுத்திலிருந்து என் நடைவரை கேலி செய்த மனிதர். இப்போது அவர் என்னை 'சேர்' என்று கூப்பிட வேண்டும், நான் இல்லை என்று சொல்ல வேண்டும், அதைப் பார்த்து ஒரு பொலிஸ் நிலையம் சிரிக்க வேண்டும். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. எழுந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"சேர்" என்றார் மச்சான்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சேர், மம கெதர யன்னத?"

அது வசனத்தில் இல்லை. சேர், நான் வீட்டுக்குப் போகட்டுமா?

இதற்குப் பிறகு நான் செய்ததைப் பற்றி எங்கள் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. அதில் நான் மகா தந்திரசாலி. அந்தக் கதையை நான் மறுத்ததில்லை. நடந்தது வேறு. எதிரே ஒருவன் நிற்கிறான், சிங்களத்தில் ஏதோ கேட்கிறான், கையில் பேனா, கண் காகிதத்தில். வருசக்கணக்காக அந்த நிலையில் என் வாய் தானாகச் சொல்லிப் பழகிய சொல் ஒன்று இருந்தது. அதைத்தான் சொன்னது.

"யன்ன, யன்ன."

பொலிஸ்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. சார்ஜன்ட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் நான் நிமிர்ந்தபோது எதிரே யாரும் இல்லை.

மச்சான் போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை. வீட்டுக்குப் போகிற மனிதன் நடக்கிற மாதிரி, வாசலைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, சரளைக்கல்லில் வெறுங்காலை ஊன்றி ஊன்றி, கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிறுத்தினார், பிறகு இன்னொருவர். கேட்டில் நின்ற காவல்காரன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, "கவுத?", யாரது, என்று கத்தினான். மச்சான் இரண்டு கையையும் தூக்கினார். அந்த நேரத்தில் ஒரு ஜீப் கேட்டுக்குள் திரும்பியது.

அதுதான் கொழும்பு வண்டி என்று நினைத்தேன்.  ஆனால் இறங்கியவர் நிலையப் பொறுப்பதிகாரி, ஓஐசி. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்த்தார். காவல்காரனிடம் ஏதோ கேட்டார். பிறகு உள்ளே வந்தார்.

உள்ளே எல்லோரும் விறைத்து நின்றார்கள். நான் மட்டும் சார்ஜன்டின் நாற்காலியில், கையில் சார்ஜன்டின் பேனாவோடு. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"வெளியே நிற்கிறவன் யார்?"

சார்ஜன்டின் நெற்றியில் வேர்வை ஓடியது. அந்த மனிதரின் மூளை எப்படி ஓடுகிறது என்று அந்த நிமிடத்தில் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்தது. பிடித்து வைத்திருந்தவன் தானாக நடந்து கேட்டுவரை போய்விட்டான் என்றால் இடைநிறுத்தம், விசாரணை, அநேகமாக யுத்தமுனைப் பக்கம், வவுனியாவுக்கு மாற்றம். எங்களைப் போன்றவர்கள் ஒரு தவறிலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் உண்டு. அந்தத் தவறை உத்தரவாக மாற்றிவிட வேண்டும்.

"விடுவித்தாயிற்று சேர்" என்றார் சார்ஜன்ட்.

"யார் சொல்லி?"

"விசாரித்தேன் சேர். டீவிக்கு மாட்டும் வயர். தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து உறுதிப்படுத்தினார்." என்னைக் காட்டினார்.

ஓஐசி என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் கண்ட குறி எதுவும் அவர் முகத்தில் இல்லை. டீவி பார்க்க நேரமில்லாத மனிதர் போல. "இவர் ஏன் உன் நாற்காலியில்?"

"வாக்குமூலம் எழுத சேர். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். அந்தப் பக்கம்தான் வெளிச்சம்."

நான் உடனே கண்ணைச் சுருக்கி, ஓஐசி இருந்த திசைக்குச் சற்றே தள்ளி ஒரு கும்பிடு போட்டேன். என் வாழ்நாளில் நான் உண்மையிலேயே நடித்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்படியென்றால் அவனை ஏன் இன்னும் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்றார் ஓஐசி. "மழை வரப்போகிறது. போகச் சொல்." தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சார்ஜன்ட் நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். ஏதோ எழுதினார், இந்தத் தடவை நெசமாகவே. "வயரும் மணிக்கூடும் இங்கேயே இருக்கும்" என்றார் நிமிராமல். "வண்டி வருவதற்குள் இரண்டு பேரும் என் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும்."

மச்சானின் செருப்பைக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும் நேர் எதிரே பஸ் நிற்கும் ஹோல்ட். மச்சான் அதைக் கவனிக்கவே இல்லை. ஹட்டன் பக்கமாக ரோட்டு ஓரத்தில் நடக்கத் தொடங்கினார். மழை பிடித்தது.

"மச்சான், பஸ் வரும். நில்லுங்க."

"அடுத்த ஹோல்ட்ல ஏறிக்கிருவோம் மாப்ள."

அடுத்த ஹோல்ட் வந்தது. கூரை இருந்தது, உட்கார வாங்கும் இருந்தது. அவர் கால் நிற்கவில்லை. என் ஆபீஸ் சப்பாத்துக்குள் தண்ணீர் போய் ஒவ்வொரு அடிக்கும் தவளை மாதிரிக் கத்தியது. பின்னாலிருந்து ஒரு பஸ் வந்து, எங்களுக்காக வேகம் குறைத்து, அவர் கை நீட்டாததால் போய்விட்டது.

"நான் சும்மா வாய் தவறிச் சொன்னேன் மச்சான்" என்றேன். "அவன் சுட்டிருந்தா?"

"தெரியும்."

"பொறகு ஏன் போனீங்க?"

"போகச் சொன்னா போயிரணும் மாப்ள. நீங்க எந்த மாதிரி சொன்னீங்கன்னு யோசிச்சிட்டு நின்னா, இப்ப வண்டியில இருப்பேன்."

 அவர் நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். கழுத்து ஒரு பக்கமும் திரும்பவில்லை. இறப்பர் மலையிலிருந்து ரோட்டுக்கு இறங்கிய தண்ணீர் அவர் வெறுங்காலின் மேல் ஓடியது.

"மாப்ள" என்றார் பிறகு. "பின்னால ஏதும் வண்டி வருதான்னு பாருங்க. நான் திரும்ப மாட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். குடை பிடித்த ஒரு பெண், ஒரு மாடு, மழை.

"ஒண்ணும் இல்ல மச்சான்."

"நல்லா பாருங்க."

நல்லாப் பார்த்தேன். "இல்ல."

"பாத்துக்கிட்டே வாங்க."

அதனால் நான் திரும்பிக்கொண்டேன். தொப்பையும் கண்ணாடியுமாக, ஹட்டன் ரோட்டில், மழையில், அவருக்குப் பக்கத்தில் பின்பக்கமாக நடந்தேன். பள்ளம் வந்தால் அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். எதிரே வந்த வாகனங்கள் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. ஒவ்வொரு வளைவிலும் அவர் கேட்டார், நான் இல்லை என்றேன்.